நூற்றுக்கு ஐம்பத்தொன்று

பணிவாகப் பேசுவது நல்ல பழக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எதிரில் ஒருத்தி படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, நாம் சொல்வதையெல்லாம் வரிக்கு வரி எழுதிக்கொண்டிருக்கும்போது பணிவாகப் பேசினால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் மருமகள் சலவைக்கூடம் நடத்துகிறாள். ஆஸ்பத்திரித் துணி மட்டும்தான்: விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி. பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். என் மகன் வண்டி ஓட்டுகிறான். நான் ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து கிழிசல் தைக்கிறேன். எந்த மூட்டை முதலில் எந்திரத்துக்குள் போகவேண்டும், எது பச்சைத் தண்ணீரில் ஊறவேண்டும், எதைத் துவைக்காமல் திருப்பி அனுப்பவேண்டும், எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். ரத்தக்கறைத் துணியை ஒரு தடவை வெந்நீரில் போட்டுக் கறையை நிரந்தரமாக்கிய ஒரு ஆள் இருக்கிறான். நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வெந்நீர்க் குழாயைத் திறக்குமுன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பான்.

அப்படிப்பட்டவளைத்தான் இவள் வெறும் கையெழுத்துக்கு வைத்த ஆள் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. எழுதவைத்தது நாங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் முடியும் தறுவாயில் சுகாதாரத் துறை ஒரு அறிவிப்பு போட்டது. இனிமேல் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஒப்பந்தம் கிடையாது, மூன்று ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே டெண்டர், நாளொன்றுக்கு நாலு டன் துணி. ஆனால் பெண்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் துவைப்பதோ ஒரு டன். பெண்களுக்கு என்று சொல்லிவிட்டு, எந்தப் பெண்ணாலும் தனியாகத் தூக்கமுடியாத மாதிரி மூட்டையைக் கட்டி வைத்திருந்தார்கள். இந்த டெண்டர் கிடைக்காவிட்டால் எங்களுக்கு இருந்த ஒரே ஆஸ்பத்திரியும் போய்விடும். பதினான்கு பேரையும் கூப்பிட்டுக் கும்பிடு போட்டு அனுப்பவேண்டியதுதான்.

விதியில் ஒரு வழி இருந்தது. சிறு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து கேட்கலாம். கூட்டில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று பெண்ணிடம் இருக்கவேண்டும். நிர்வாகமும் அவள் கையில் இருக்கவேண்டும். அது நிஜம்தானா என்று ஒரு அதிகாரி நேரில் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார். சான்றிதழ் இல்லாமல் டெண்டர் பெட்டி பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

கூட்டுக்கு வந்தவர் எட்டு டன். ஹோட்டல் துணி துவைக்கிற பெரிய சலவை ஆலைக்காரர். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட, எட்டு டன் ஓடுகிறது, உடம்புக்கு என்ன என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே முதலாளி. என் வீட்டுக்காரர் இருபது வருஷம் அவர் ஆலையில் தேய்ப்பு உருளையில் நின்றவர். தனியாகத் தொழில் தொடங்கியபோது பழைய எந்திரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியவரும் அவர்தான். அந்தப் பழக்கத்தில் என் மகனுக்கும் அவர் முதலாளி, மருமகளுக்கும் முதலாளி, மருமகளின் ஆட்களுக்கும் முதலாளி. வேலை கொடுக்கிறவள் அக்கா. எப்போதோ ஒருநாள் வந்துபோகிறவர் முதலாளி. இதில் இருந்த விபரீதம் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் கூடத்தில் அவர் இதுவரை ஒரு தீர்மானமும் எடுத்ததில்லை. இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும், வெளிச்செருப்போடு உள்ளே வரக்கூடாது என்று என் மருமகள் வாசலிலேயே நிறுத்தி வேறு செருப்பு மாட்டவைத்தாள். அதை அதிகாரியிடம் சொல்லியிருந்தாலே போதும். யாருக்குத் தோன்றியது?

அதிகாரி வரும் நாளன்று காலையில் எட்டு டன்னின் மாப்பிள்ளை ஒரு சுழல்நாற்காலியோடு வந்து இறங்கினார். மகளைக் கட்டிய நாளிலிருந்து மாமனாரின் காகித வேலைகளை அவர்தான் பார்க்கிறார். முதலாளி என்றால் முதலாளி மாதிரி தெரியவேண்டும் என்றார். எந்திரத்துக்குப் பக்கத்தில் நனைந்த ஏப்ரனோடு நின்றால் வேலைக்காரி என்று நினைத்துவிடுவார்களாம். என் மருமகளை ஏப்ரனைக் கழற்றச் சொல்லி, மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து, கையில் பேனாவைக் கொடுத்தார். பிறகு ஆட்களைக் கூட்டி, அதிகாரி போகும்வரை யாரும் அக்காவிடம் எதையும் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் மருமகள் நாற்காலியில் பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி மெலிந்த பெண்மணி. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் இன்னொரு கண்ணாடி. சத்தம் போடாமல் நடந்தார். அவர் உள்ளே வந்த கால்மணி நேரத்தில் வண்டி வந்தது, சிவப்புப் பை பதினொன்று. சிவப்பு என்றால் தொற்றுள்ள துணி. மருந்துத் தூள் அளந்து போடுவதால் சோடா என்று பெயர் வாங்கிய பையன், வழக்கமாக அக்கா என்று ஒரு குரல் கொடுப்பவன், மேசையைப் பார்த்தான். கேட்கக்கூடாதே. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு நேரே மாப்பிள்ளையிடம் போய், எதை முதலில் போடட்டும் என்று கேட்டான். சிவப்புப் பையைச் சினிமாவில்கூடப் பார்த்திராத அந்த மனிதர் பெரிய மனது பண்ணி, எது கிட்டே இருக்கிறதோ அதைப் போடு என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அதற்கப்புறம் எட்டு டன் வந்தார். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை, மரியாதைக்கு வந்தார். வந்ததும் பதினான்கு பேரும் எழுந்து நின்றார்கள். என் மருமகளும் எழுந்தாள். எழுந்ததோடு விட்டாளா, சுழல்நாற்காலியை அவர் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னாள். அவரும் உட்கார்ந்தார்.

கேள்விகள் ஆரம்பித்தன. கூட்டு சேரலாம் என்று தீர்மானித்தது யார் என்று அதிகாரி கேட்டார். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நான்தான் என்று சொல்ல இவளுக்கு நாக்கு எழவில்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் எல்லாம் என்றாள். என் மகனிடம் கேட்டார். அவர் இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை என்றான் அந்த மகராசன். கடைசியாக என்னிடம் வந்தார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, நானும் என் பங்குக்குச் சொன்னேன்: எல்லாம் முதலாளி தயவு.

தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

எட்டாவது நாள் கடிதம் வந்தது. உருளை ஓடுகிற இரைச்சலில் என் மருமகள் அதைச் சத்தமாகப் படித்தாள். கண்டறிந்தவை என்று தலைப்புப் போட்டு எண் போட்டிருந்தார்கள். பணியாளர்கள் கூட்டாளியின் உறவினரிடமே உத்தரவு பெறுகிறார்கள். உரிமையாளர் தன் இருக்கையைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்தார். உரிமையாளர் உட்பட அனைவரும் கூட்டாளியையே முதலாளி என்று அழைக்கிறார்கள். நாலாவதாக நான்: 'அனைத்தும் அவருடைய தயவு என உரிமையாளரின் மாமியார் தெரிவித்தார்.' ஆகவே நிர்வாகம் பெண்ணின் கையில் இருப்பதாகக் கருத இயலவில்லை. பத்து நாளில், சம்பந்தப்பட்டவர்கள் நேரில் வந்து விளக்கம் அளிக்கலாம். டெண்டர் பெட்டி மூடுவது பதினோராவது நாள்.

கடிதத்தை மடித்து என் மெஷின்மேல் வைத்தாள்.

"தயவுன்னு யாரு அத்தை உங்களைச் சொல்லச் சொன்னது?"

"மரியாதைக்குச் சொன்னேம்மா."

"அவங்க மரியாதைக்கு நாலாம் நம்பர் போட்டிருக்காங்க."

"நாற்காலியைத் தள்ளினது நானா?"

அவள் ஏப்ரனை மாட்டிக்கொண்டு போய், எந்திரத்தில் குறைவாகத் துணி போட்டதற்காகச் சோடாவைப் பிடித்துக்கொண்டாள். அவன் பாவம், போட்டது சரியான அளவுதான்.

மாப்பிள்ளைக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது. விளக்கத்தை அவரே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். 'சுயமாகச் சிந்தித்துச் செயல்படும் ஆளுமையும் தலைமைப் பண்பும் கொண்ட நான்' என்று ஆரம்பித்தது. இதை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தால் போதும் என்றார். என் மருமகள் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மைக்குக்கு முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது. இதை யார் எழுதியது என்று அந்த அதிகாரி கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். உண்மையைத்தானே சொல்லவேண்டும், முதலாளியின் மாப்பிள்ளை எழுதினார் என்று சொல்லுவேன் என்றாள். தலையில் அடித்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

உண்மையில் அவளுக்குள் இருந்த விஷயம் வேறு. கூட்டுப் பத்திரம் எழுதின அன்றைக்கு எட்டு டன்னின் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவள், வண்டியை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக, அங்கே ஒரே வாசல் என்றாள். எங்கள் கூடத்தில் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. எந்திரத்தைச் சுவரிலேயே பதித்திருக்கிறோம். அழுக்குத் துணி இந்தப் பக்கக் கதவில் உள்ளே போகும், வெளுத்தது அந்தப் பக்கக் கதவில் வெளியே வரும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது. அவர் ஆலையில் அழுக்கு மூட்டை போகிற அதே வாசலில் வெளுத்த துணி வருகிறது. ஹோட்டல் விரிப்புக்கு அது போதும். ஆபரேஷன் அறைத் துணிக்கு ஆகாது. கூட்டுக் கணக்குப்படி மூன்று ஆஸ்பத்திரியின் பச்சைத் துணியிலும் பாதிக்குமேல் அவர் ஆலைக்குத்தான் போவதாக இருந்தது.

இதை இரண்டு மாதமாக என்னிடம் சொன்னாள், என் மகனிடம் சொன்னாள், சோடாவிடம் சொன்னாள். சாப்பிடும்போது சொன்னாள், துணி எண்ணும்போது சொன்னாள். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் போன் பண்ணினால் சரிங்க முதலாளி, ஆகட்டும் முதலாளி. வைத்ததும் என்னிடம் திரும்பி, ஒரே வாசல் அத்தை என்பாள். நானும் என்ன சொன்னேன்? முதலில் ஒப்பந்தம் கைக்கு வரட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், பெரியவர் மனசு கோணக்கூடாது என்றேன். எனக்கு எப்போதும் பக்குவம்தான்.

பத்தாவது நாள் விளக்கம் கேட்ட இடம் மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை. சுவரோரம் கோப்புகள் இடுப்பளவுக்கு அடுக்கி இருந்தன. ஜன்னல் ஒன்று பாதி திறந்தபடி துருவேறி நின்றுவிட்டது போல, அதன் இடுக்கில் அட்டை செருகியிருந்தது. அதிகாரி ஒரு பக்கம், என் மருமகள், எட்டு டன், மாப்பிள்ளை, நான் என்று நாங்கள் நாலு பேர் எதிர்ப்பக்கம். என் வாக்குமூலம் நாலாம் எண் ஆகிவிட்டதால் என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். கடைசிச் சந்தர்ப்பம் என்பதால் என் மருமகள் விடியலில் எழுந்து சட்டவிதி மூன்று பக்கத்தையும் மறுபடி படித்துவிட்டு வந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டாள். அந்தமட்டில் நல்ல புத்தி.

முதல் அரைமணி நன்றாகவே போனது. தொற்றுத் துணி எத்தனை நேரம் எவ்வளவு சூட்டில், மின்சாரம் நின்றால் பாதியில் இருக்கும் துணியை என்ன செய்வது, ஆஸ்பத்திரி கிழிந்த துணிக்கு நம்மைக் குற்றம் சொன்னால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் கேட்டார். இவள் மடை திறந்தது மாதிரி சொன்னாள். அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். எனக்கு மூச்சு சீராக வந்தது. ஆஸ்பத்திரித் துணியைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்பதில் சந்தேகமில்லை, இந்தக் கூட்டை நடத்துவது யார் என்பதுதான் என் கேள்வி என்று சொல்லிவிட்டு அதிகாரி எட்டு டன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் இவங்களுக்கும் ஒரு விஷயத்துல ஒத்துப்போகலைன்னா, யார் பேச்சு நிக்கும்?"

எட்டு டன் சிரித்தார். மனசார, வாஞ்சையோடு சிரித்தார், அதுதான் கொடுமை.

"அப்படியெல்லாம் வராதுங்க. இது என் பொண்ணு மாதிரி. என் பேச்சை ஒருநாளும் தட்டினதில்லை."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவுக்கு மூடியைப் போட்டார். அந்தச் சின்னச் சத்தத்தில் பதினான்கு பேரின் வேலையும் உள்ளே போய் மூடிக்கொண்டது மாதிரி எனக்கு இருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று, அவர் என்ன சொல்ல வருகிறார் என்றால் என்று நான் வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் என் மருமகள் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள்.

"அப்படியாம்மா? தட்டினதே இல்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

"தட்டினதில்லைங்க." என் முழங்காலிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இப்ப தட்டறேன். ஆபரேஷன் துணி ஒரு கிலோகூட இவர் ஆலைக்குப் போகக்கூடாது."

எட்டு டன்னுக்கு முதலில் காதில் விழாதது மாதிரி இருந்தது. அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஒரே வாசலைப் பற்றிச் சொன்னாள். இரண்டு மாதமாக எங்களிடம் சொன்ன அத்தனையையும், எந்த மூட்டை எந்தத் தூணைத் தாண்டும்போது வெளுத்த துணித் தள்ளுவண்டியில் உரசுகிறது என்பதுவரைக்கும், ஒன்றுவிடாமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒரு நாள் பார்த்ததில் இத்தனையும் கவனித்திருக்கிறாள். நடுவில் சுவர் எழுப்பி வேறு வாசல் வைக்கிறவரை பச்சைத் துணி முழுக்க எங்கள் கூடத்திலேயே இரண்டு ஷிப்டு ஓட்டித் துவைப்போம், விரிப்பும் போர்வையும் மட்டும் அவர் ஆலைக்குப் போகும் என்றாள்.

"முப்பது வருஷமா துவைக்கறேன். ஒரு புகார் வந்ததில்லை," என்றார் எட்டு டன்.

"உங்ககிட்ட வர்றது ஹோட்டல் துணிங்க முதலாளி. ஹோட்டல்ல யார் வயித்தைத் திறக்கறாங்க?"

அதிகாரி தலையில் இருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் இருந்ததற்குப் பதிலாக மாட்டினார். இப்பவும் முதலாளி என்றுதானே கூப்பிடுகிறீர்கள் என்றார்.

"எங்க மாமனார் இருபது வருஷம் இவர்கிட்ட வேலை பார்த்தாருங்க. எங்களுக்கு முதல் எந்திரம் இவர் கொடுத்தது. சாகறவரைக்கும் முதலாளின்னுதான் கூப்பிடுவேன். ஆனா துணி நான் சொல்ற வழியிலதான் போகணும்."

இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று எட்டு டன் கேட்டார். கேட்டது அவளைத்தான் என்றாலும் பார்த்தது என்னை. என் வீட்டுக்காரர் உருளையில் நின்ற காலத்திலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் ஜன்னல் இடுக்கில் இருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டேன். சொல்ல வாய் வரவில்லை என்று அவளே சொன்னாள்.

அதிகாரி கூட்டுப் பத்திரத்தைப் பிரித்து, கருத்து வேறுபாடு வந்தால் நிர்வாகப் பங்குதாரரின், அதாவது என் மருமகளின், முடிவே இறுதி என்ற வரியில் விரலை வைத்து எட்டு டன் பக்கம் தள்ளினார். அவர் அதை முதல் தடவையாகப் படித்தார். காகிதத்துக்காக எழுதின வரி, கையெழுத்துப் போடுங்கள் மாமா என்று மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டுப் போட்டவர். அதிகாரி விளக்கமாகச் சொன்னார்: இன்று இவர் சொன்ன முடிவை ஏற்பதாகக் கூட்டக் குறிப்பில் நீங்கள் கையெழுத்துப் போடலாம். இஷ்டமில்லை என்றால் கூட்டிலிருந்து விலகிக்கொள்ளலாம், விண்ணப்பம் இத்துடன் தீர்ந்தது. இரண்டில் எது என்று இப்போதே சொல்லவேண்டும்.

எட்டு டன் எழுந்து வெளியே போனார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி வேறு ஒரு கோப்பை எடுத்து, நாங்கள் அங்கே இல்லாத மாதிரி படிக்க ஆரம்பித்தார். தாழ்வாரத்தில் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று அவள் காதில் கேட்டேன்.

"அத்தை, தயவுசெஞ்சு சும்மா இருங்க."

பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி, போனால் போகிறது, பச்சைத் துணியை அந்த வாசல் வழியாக அனுப்பி ஜெயிக்கிற டெண்டர் எனக்கு வேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வீரத்தை இரண்டு மாதத்துக்கு முன்னால், அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டே காட்டியிருக்கலாமே. நாள் நெருங்கின பிறகா, அரசாங்கத்துக்கு முன்னாலா? ஆனால் அப்போது வேண்டாம் என்று தடுத்தவள் யார்? நினைத்ததை அப்படியே முழுங்கினேன்.

கால்மணி கழித்து எட்டு டன் திரும்பி வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து என்னிடம் சொன்னார்.

"உங்க மருமககிட்ட சொல்லிடுங்க, கையெழுத்துப் போட்டாச்சுன்னு."

மருமகள் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள்.

"பார்த்துட்டேன்னு சொல்லுங்க அத்தை," என்றாள்.

சான்றிதழ் அன்றைக்குச் சாயங்காலமே கிடைத்தது. மறுநாள் பெட்டி மூட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது டெண்டர் போட்டாள். ஒரு மாதத்தில் ஒப்பந்தம் கையில். பதினான்கு பேருக்கும் வேலை நிலைத்தது. சொல்லப்போனால் இரண்டு ஷிப்டுக்கு இன்னும் ஒன்பது பேர் எடுக்கவேண்டி வந்தது.

எல்லாரும் நன்றாக இருந்தார்கள், நான்தான் இல்லை. அன்றிலிருந்து எட்டு டன் அவளோடு நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் என் போனுக்குத்தான் வரும். விரிப்பு நூற்றியிருபது குறைகிறது என்று உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள். குறையவில்லை, இரண்டாவது வண்டியில் இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். சோப்புக் கம்பெனியை மாற்றலாமா என்று கேளுங்கள். கூடாது என்று சொல்லுங்கள். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் போன். பெரியவரே, அவள் இங்கேதான் நிற்கிறாள், கொடுக்கிறேன் பேசுங்கள் என்றால், வேண்டாம் வேண்டாம், நீங்களே சொல்லிவிடுங்கள் என்பார். இவளாவது இறங்கிப் போவாளா என்றால், என் நம்பர் அவரிடம் இருக்கிறது அத்தை என்பாள். சம்பந்தம் முறிந்த இரண்டு வீட்டுக்கு நடுவே தூது போகிறவள்கூட இத்தனை நடந்திருக்கமாட்டாள்.

எங்கள் எந்திரமோ இரண்டு ஷிப்டு தாங்காமல் வாரத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொண்டது. மூன்று ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியும் அதன் தலையில். அவர் சீக்கிரம் சுவர் எழுப்பினால்தான் விடிவு. எழுப்புகிறாரா என்று நானாகக் கேட்டால், அவளா கேட்கச் சொன்னாள் என்பார்.

ஏழாவது வாரம் போன் வந்தது. சுவர் எழுப்பியாகிவிட்டது, தனி வாசல் வைத்தாகிவிட்டது, எந்திரம் பதித்தாகிவிட்டது, உங்கள் மருமகளிடம் சொல்லிவிடுங்கள், வேண்டுமென்றால் வந்து பார்த்துக்கொள்ளட்டும். அவர் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. எனக்கும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினது. என் மகன் வண்டியை எடுத்தான், மூவரும் போனோம்.

நல்ல சுவர். வெள்ளையடித்து, தரையோரம் ஓடு பதித்து, இந்தப் பக்கம் சிவப்புக் கோடு, அந்தப் பக்கம் பச்சைக் கோடு. எட்டு டன் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை புதுக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினார். என் மருமகள் இந்தப் பக்கம் நடந்தாள், அந்தப் பக்கம் போய் நடந்தாள், எந்திரத்தின் இரண்டு கதவுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு கழுத்தை உயர்த்தி மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நானும் பார்த்தேன். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி.

ஆண்டவனே, இவள் வாயைக் கொஞ்சம் கட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

"அத்தை, முதலாளிகிட்ட கேளுங்க, சுவர் ஏன் கூரைவரைக்கும் போகலைன்னு."

நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை. எட்டு டன் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு நேராக அவள் எதிரில் வந்து நின்றார்.

"கூரைவரைக்கும் அடைச்சா உள்ள இருக்கறவன் வெந்து சாவான். காத்து வரவேண்டாமா?"

"அந்தப் பக்கத்துக் காத்து இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னுதானே சுவரு?"

"சூட்டுக்கு என்ன பண்ணச் சொல்றே?"

"வெளிச்சுவர்ல காத்தை வெளியே தள்ளற காத்தாடி வைங்க. இங்க நாலு, அங்க நாலு."

"நாலு எதுக்கு? ரெண்டு போதும்."

"உங்க கூரை தகரம் முதலாளி. ரெண்டு பத்தாது."

தகரத்தைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று ஆரம்பித்தார் அவர். மாப்பிள்ளை நடுவில் புகுந்து, மூன்று வைக்கலாமே என்று சமரசம் பேசப் பார்த்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். அவள் தரையில் கிடந்த செங்கல் துண்டை எடுத்துப் புதுச் சுவரிலேயே ஆலையைப் படமாகக் கீறி, காத்தாடி வைக்கவேண்டிய இடத்தில் வட்டம் போட்டாள். அவர் அதைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி வேறு வட்டம் போட்டார்.

அந்தப் புது வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னை யாரும் தேடவில்லை. நான் வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். என்ன ஆச்சு, பச்சைத் துணியை நாளையிலிருந்து இங்கே இறக்கலாமா என்று என் மகன் கேட்டான்.

"இன்னும் ரெண்டு வாரம் ஆகும். நீ எஞ்சினை அணைச்சுடு, இப்ப வரமாட்டா," என்றேன்.